மறதி இல்லாத மறதிநோய்: பார்க்கின்சனும் டிமென்ஷியாவும்

வாசகர் கேள்வி – பதில்

பார்க்கின்சன் என்றால் கைநடுக்கம், டிமென்ஷியா என்றால் மறதி என்றே பலரும் பிரித்து வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே ஆளிடம் சேரும்போது என்ன செய்வது என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

அப்பாவுக்கு 71 வயது. ஒன்பது வருடமாகப் பார்க்கின்சன். ஞாபகம் கெட்டியாக இருக்கிறது. நாற்பது வருடத்துக்கு முன் வாங்கிய நிலத்தின் சர்வே எண்ணைக்கூடச் சொல்கிறார். ஆனால் டாக்டர் "டிமென்ஷியா ஆரம்பிக்கிறது" என்கிறார். மறதியே இல்லாமல் மறதிநோய் எப்படி வரும்?
– வாசகர், தஞ்சாவூர்

"மறதிநோய்" என்ற சொல்தான் இங்கே குடும்பங்களைத் தடம் மாற்றிவிடுகிறது. மறதி வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று காத்திருக்கிறோம். பார்க்கின்சனில் வரும் டிமென்ஷியா அந்த வாசல் வழியாக வருவது குறைவு.

அல்சைமர் நோயில் புதிய செய்தி மூளையில் பதிவதே இல்லை. பார்க்கின்சனில் பதிகிறது; வேண்டிய நேரத்தில் எடுக்க முடிவதில்லை. வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். மூன்று சொற்களைச் சொல்லி, ஐந்து நிமிடம் வேறு ஏதாவது பேசிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். வரவில்லையென்றால் "அதில் ஒன்று காய்கறி" என்று எடுத்துக்கொடுங்கள். பார்க்கின்சன் உள்ளவர் பெரும்பாலும் "கத்தரிக்காய்" என்று பிடித்துவிடுவார். அல்சைமர் உள்ளவருக்கு அந்தக் குறிப்பும் அவ்வளவாக உதவாது.

இதில் முதலில் போவது கவனம், திட்டமிடல், இடத்தையும் தூரத்தையும் கண்ணால் கணிக்கும் திறன். ஒரு அடுப்பில் சாதம், மறு அடுப்பில் குழம்பு என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியாமல் போகும். ஏ.டி.எம். திரை முன்னால் திகைத்து நிற்பார். சட்டையின் எந்தக் கை எந்தப் பக்கம் என்று தடுமாறுவார். பங்குனியில் தொடங்கிச் சித்திரை வரை மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் நடுவில் வழி தவறும். காலையில் தெளிவு, மாலையில் வெறித்த பார்வை என்று நாளுக்கு நாள், மணிக்கு மணி ஏற்ற இறக்கமும் இருக்கும். "நேற்று நன்றாகத்தானே பேசினார், இன்று வேண்டுமென்றே செய்கிறார்" என்று வீட்டில் கோபப்படுவது இதனால்தான். அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

அறிவுத்திறனை அளக்க மருத்துவர்கள் செய்யும் மோகா சோதனை தமிழிலும் உண்டு. மொத்தம் 30 மதிப்பெண். 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவர்களுக்கு ஒரு மதிப்பெண் கூட்டித் தருவார்கள். 26க்குக் கீழே போனால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். பள்ளிப் படிப்பே குறைவாக உள்ளவர்களிடம் இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. பார்க்கின்சன் மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரத்தில், கண்ணாடியும் காதுக்கருவியும் போட்ட நிலையில் சோதனை நடப்பது முக்கியம். கூடவே பி12, தைராய்டு, சோடியம் ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனையும், ஒருமுறை மூளை ஸ்கேனும் கேளுங்கள். கீழே விழுந்தவர்களுக்கு மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்து உறைந்திருக்கலாம். அது சரிசெய்யக்கூடியது.

பார்க்கின்சன் டிமென்ஷியா, லூயி பாடி டிமென்ஷியா, அல்சைமர் என்று மூன்று மருத்துவர்கள் மூன்று பெயர் சொல்கிறார்கள். எது சரி?
– வாசகி, மதுரை

1817இல் இந்த நோயை முதலில் விவரித்த லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், புலன்களும் அறிவும் பாதிக்கப்படுவதில்லை என்றே எழுதினார். அந்தக் கருத்து வெகுகாலம் நின்றது. 1912இல், மருத்துவர் அல்சைமரின் ஆய்வகத்தில் வேலை பார்த்திருந்த ஃபிரெட்ரிக் லூயி, பார்க்கின்சன் நோயாளிகளின் மூளை நரம்பணுக்களுக்குள் உருண்டை உருண்டையாகச் சில படிவுகளைக் கண்டார். 1919இல் பாரிஸில் த்ரெத்தியாக்காஃப், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரக்கும் கருநிறப் பகுதியிலும் அவற்றைக் கண்டு "லூயி உருண்டை" (லூயி பாடி) என்று பெயர் வைத்தார். 1976இல் ஜப்பானின் கென்ஜி கோசாகா, அதே உருண்டைகள் மூளையின் மேற்புறணி முழுக்கப் பரவி டிமென்ஷியா வந்த ஒருவரை விவரித்தார். அந்த உருண்டை எதனால் ஆனது என்பது 1997இல்தான் தெரிந்தது: ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம், மடிய வேண்டிய விதத்தில் மடியாமல் திரண்டு நிற்கிறது.

ஆகவே பார்க்கின்சன் டிமென்ஷியாவும் லூயி பாடி டிமென்ஷியாவும் ஒரே புரதத்தின் இரண்டு வழித்தடங்கள். பிரிப்பது ஓராண்டுக் கணக்கு. உடல் இறுக்கமும் நடுக்கமும் வந்து ஓராண்டுக்கு மேல் கழித்து அறிவுத்தடுமாற்றம் வந்தால் பார்க்கின்சன் டிமென்ஷியா. அறிவுத்தடுமாற்றம் முந்திக்கொண்டாலோ, ஓராண்டுக்குள் சேர்ந்து வந்தாலோ லூயி பாடி டிமென்ஷியா. ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸுக்கு 2014இல் பார்க்கின்சன் என்றார்கள். சில மாதங்களில் அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தபோது லூயி உருண்டைகள் மூளை முழுக்கப் பரவியிருந்தன.

மூன்றாவது மருத்துவர் சொன்னதும் முழுத் தவறாக இராது. இவர்களில் கணிசமானோரின் மூளையில் அல்சைமருக்குரிய அமைலாய்டு என்ற புரதப் படிவும் சேர்ந்தே காணப்படுகிறது. அப்படிச் சேர்ந்தால் நோய் வேகமெடுக்கும். ஆனால் செய்திகளில் அடிபடும் அமைலாய்டு எதிர்ப்பு ஊசிகள் ஆரம்பகால அல்சைமருக்காகச் சோதித்து அனுமதிக்கப்பட்டவை. பார்க்கின்சன் டிமென்ஷியாவுக்கு அவற்றைக் கேட்டு அலைய வேண்டாம்.

பார்க்கின்சன் வந்த எல்லோருக்கும் கடைசியில் புத்தி தடுமாறுமா?
– வாசகர், திருநெல்வேலி

இல்லை. பயமுறுத்தும் எண் ஒன்று எல்லா இடத்திலும் சுற்றுகிறது: சிட்னி ஆய்வில் 20 ஆண்டு தாண்டி வாழ்ந்தவர்களில் 83 சதவீதத்தினருக்கு டிமென்ஷியா. அது 2008இல் வெளியான, முந்தைய தலைமுறை நோயாளிகளின் கணக்கு. 2024இல் வந்த அமெரிக்க ஆய்வு இரண்டு குழுக்களைப் பார்த்தது. ஒன்றில் நோய் கண்டறிந்து பத்தாண்டில் ஏறக்குறைய 9 சதவீதம். இன்னொன்றில் பத்தாண்டில் 27, பதினைந்தாண்டில் 50 சதவீதம். முதல் குழுவினர் இளையவர்கள், ஆய்வுக்குத் தாமாக வந்தவர்கள். அதனால் உண்மை இரண்டாவது எண்ணுக்கு அருகில் இருக்கும் என்றே நாங்கள் எண்ணுகிறோம்.

நோய் தொடங்கிய வயது கூடக்கூட ஆபத்து கூடும். இல்லாத உருவங்கள் தெரிவது, தூக்கத்தில் கை கால் வீசுவது, எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் விழுவது, ஜி.பி.ஏ. மரபணு மாற்றம் ஆகியவை மற்ற எச்சரிக்கைகள். இவற்றில் இரத்த அழுத்தத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஒருமுறை அளங்கள்; எழுந்து நின்ற 1ஆவது, 3ஆவது நிமிடங்களில் மீண்டும் அளங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய பி.பி. மாத்திரை இப்போது தேவைக்கு மேல் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

அம்மாவுக்கு 76. மாலையானால் திண்ணையில் இரண்டு குழந்தைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்வார்; அவர்களுக்கு முறுக்குகூட எடுத்துவைப்பார். போன வாரம் நள்ளிரவில் பயந்து கத்தினார். பக்கத்திலிருந்த மருத்துவமனையில் தூங்க ஊசி போட்டார்கள். மூன்று நாள் கட்டைபோலக் கிடந்தார், விழுங்கவும் முடியவில்லை. சீட்டில் ஹாலோபெரிடால் என்று இருக்கிறது. உறவினர்கள் மந்திரிக்கச் சொல்கிறார்கள்.
– வாசகி, காரைக்குடி

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஹாலோபெரிடால் மூளையில் டோபமைனைத் தடுக்கும் மருந்து. டோபமைன் ஏற்கெனவே வற்றியிருக்கும் மூளையில் அதையும் அடைத்தால் உடல் இறுகும், நினைவு மங்கும், விழுங்க முடியாமல் உணவு நுரையீரலுக்குள் போகும், கடும் காய்ச்சலும் வரலாம். 1992இலேயே இங்கிலாந்தின் நியூகாசிலில் இயன் மெக்கீத் குழுவினர், இவ்வகை மருந்து கொடுக்கப்பட்ட லூயி பாடி நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கடுமையான எதிர்வினை வந்ததைப் பதிவுசெய்தார்கள். ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் ஆகியவையும் வேண்டாதவை. அம்மாவின் மருத்துவக் கோப்பின் அட்டையில் சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: "பார்க்கின்சன் நோயாளி. ஹாலோபெரிடால், மெட்டோகுளோப்ரமைடு கொடுக்கக் கூடாது." நள்ளிரவில் அவசரப் பிரிவில் பணியில் இருப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது அதுவாக இருக்கட்டும்.

உருவங்கள் தெரிவது நோயின் வேலை. கண்ணிலிருந்து வரும் செய்தி மங்கலாக இருக்கும்போது மூளை தானே படத்தை நிரப்பிக்கொள்கிறது. அதனால்தான் அந்தி நேரத்தில் அதிகம். முதலில் யாரோ பின்னால் நிற்பதுபோல், ஓரமாக எதுவோ ஓடுவதுபோல் இருக்கும். கொடியில் தொங்கும் வேட்டி ஆளாகத் தெரியும். பிறகு குழந்தைகள், பூனைகள் என்று தெளிவான உருவங்கள் வரும். இருட்டுமுன் ஐந்தரைக்கே எல்லா விளக்கையும் போடுங்கள். படபடக்கும் காலண்டரைக் கழற்றுங்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைத் துணியால் மூடுங்கள். கண்புரை இருக்கிறதா என்று பாருங்கள். "அங்கே யாருமில்லை" என்று வாதாட வேண்டாம், "ஆமாம், இருக்கிறார்கள்" என்று ஒத்தூதவும் வேண்டாம். "என் கண்ணுக்குத் தெரியலம்மா, நான் பக்கத்திலேயேதான் இருக்கேன்" என்றால் போதும். அமைதியாக முறுக்கு எடுத்துவைக்கும் அம்மாவுக்கு மருந்தே தேவையில்லை.

ஓரிரு நாளில் திடீரென்று நிலை மாறியிருந்தால் கதை வேறு. சிறுநீர்த் தொற்று, நெஞ்சுச்சளி, சோடியம் குறைவு, தண்ணீர் குடிக்காதது, பல நாள் மலச்சிக்கல், புதிதாகச் சேர்ந்த மாத்திரை என்று ஏதோ ஒன்று தூண்டியிருக்கும். முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றில் காய்ச்சலே வராமல் குழப்பம் மட்டும் வரலாம். அந்த நள்ளிரவுக்கு முன் இவற்றில் எது நடந்தது என்று முதலில் தேடுங்கள்.

எதுவும் கிடைக்காவிட்டால் பார்க்கின்சன் மாத்திரைகளைக் குறைக்க ஒரு வரிசை உண்டு: முதலில் டிரைஹெக்சிபெனிடில் (பாசிட்டேன்), அடுத்து அமாண்டடின், பிறகு செலெஜிலின் அல்லது ரசாஜிலின், அதன்பின் பிரமிபெக்சோல், ரோபினிரோல். மூளையில் டோபமைனாக மாறும் முக்கிய மருந்தான லெவோடோபாவைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். ஒவ்வொன்றையும் மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகவே குறைக்க வேண்டும். லெவோடோபாவை ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தான காய்ச்சலும் இறுக்கமும் வரலாம். அதற்கும் அடங்காவிட்டால் இரவில் குவெட்டியாபின் 12.5 மி.கி. என்று சிறிதாகத் தொடங்குவார்கள். சான்று வலுவாக இருப்பது குளோசபினுக்கு. அதை 6.25 மி.கி. அளவில் தொடங்கலாம். வெள்ளை அணுக்கள் குறைந்துவிடும் அபாயம் இருப்பதால் ஆரம்ப மாதங்களில் வாரந்தோறும் இரத்தம் பார்த்தே தீர வேண்டும்.

மந்திரிப்பது மனதுக்கு ஆறுதல் தருமானால் தரட்டும். அதற்காகப் பட்டினி போடுவதோ, மாத்திரையை நிறுத்துவதோ கூடாது.

மருந்துக்கடையில் சாதாரணமாகத் தரும் மாத்திரைகளில் எவற்றைத் தவிர்க்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

தலைசுற்றலுக்குத் தரும் ஸ்டுஜெரான், ஸ்டெமெட்டில், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃபுளூனரிசின், வாந்திக்குத் தரும் பெரிநார்ம் (மெட்டோகுளோப்ரமைடு). இவை பார்க்கின்சனை மோசமாக்கும்; இல்லாதவருக்கே பார்க்கின்சன் போன்ற நிலையைக் கொண்டுவரும். வாந்திக்கு டாம்பெரிடோன் ஆகும், ஈ.சி.ஜி. பார்த்த பிறகு.

இன்னொரு கூட்டம், கவனத்துக்கு வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளைத் தடுப்பவை: தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரைகளிலுள்ள குளோர்பெனிரமின், வயிற்றுவலிக்கான டைசைக்ளோமின், அமிட்ரிப்டிலின், சிறுநீரை அடக்க முடியாதவர்களுக்கான ஆக்சிபியூட்டினின், நடுக்கத்துக்குப் பல ஆண்டாகத் தொடரும் பாசிட்டேன். இந்த நோயில் அசிட்டைல்கோலின் அல்சைமரைக் காட்டிலும் கடுமையாகக் குறையக்கூடும். கவனம் சிதறுவதற்கு அதுவே பெரிய காரணம். அசிட்டைல்கோலினைக் கூட்டும் டிமென்ஷியா மருந்தான ரிவாஸ்டிக்மின் கொடுத்துக்கொண்டே பாசிட்டேனும் கொடுப்பது, ஒரு பக்கம் தண்ணீர் இறைத்து மறுபக்கம் மடையைத் திறந்துவிடுவது போன்றது. இப்படிச் சேர்ந்து எழுதிய சீட்டுகள் அரிதல்ல. மாத்திரைப் பெட்டியை அப்படியே எடுத்துக்கொண்டுபோய் மருத்துவர் மேஜையில் கொட்டிக் காட்டுங்கள்.

ரிவாஸ்டிக்மின் ஆரம்பித்ததும் கணவருக்கு வாந்தி, நடுக்கமும் கூடியது. நிறுத்திவிடலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

உடனே நிறுத்த வேண்டாம். எவ்வளவு வேகமாக ஏற்றினார்கள் என்று பாருங்கள். 1.5 மி.கி. காலை மாலை இருவேளை, வயிறு நிறையச் சாப்பிட்டபின். குறைந்தது நான்கு வாரம் கழித்தே 3 மி.கி. இருவேளை. உச்ச அளவு 6 மி.கி. இருவேளை, எல்லோருக்கும் அதுவரை போகத் தேவையில்லை. மூன்று நாளுக்கு மேல் விட்டுப்போனால் விட்ட இடத்தில் தொடராமல் மீண்டும் 1.5இல் தொடங்க வேண்டும். வாந்தி வருவதற்கு இந்தத் தவறே அடிக்கடி காரணம்.

எதிர்பார்ப்பையும் அளவாக வையுங்கள். 2004இல் 541 பேரிடம் 24 வாரம் நடந்த ஆய்வில், தெளிவான முன்னேற்றம் மருந்து எடுத்தவர்களில் 19.8 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 14.5 சதவீதம். தெளிவாக மோசமானவர்கள் 13க்கு எதிர் 23.1 சதவீதம். சரிவைத் தள்ளிப்போடுவதே இதன் முக்கியப் பயன். நடுக்கம் கூடியதாகச் சொன்னவர்கள் பத்தில் ஒருவர்.

வாந்தி தாங்கவில்லையென்றால் ஒட்டும் பட்டையாகவே கிடைக்கிறது. 24 மணிக்கு 4.6 மி.கி.யில் தொடங்கி, நான்கு வாரம் கழித்து 9.5. முதுகு, மேற்கை அல்லது மார்பில், முடியில்லாத காய்ந்த தோலில் ஒட்டி அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். எண்ணெய்க் குளியல் நாளில் சீயக்காய் போட்டு எண்ணெய்ப் பசை முழுக்கப் போனபிறகே ஒட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணியில் கழன்று வரும். அதே இடத்தில் 14 நாளுக்கு மீண்டும் ஒட்டக் கூடாது. பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியது. முதுகில் மூன்று நாள் பட்டை சேர்ந்து மயங்கி விழுந்து வருபவர்கள் உண்டு. நாடித்துடிப்பு 50க்குக் கீழே போனாலோ மயக்கம் வந்தாலோ பட்டையைக் கழற்றிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். எடையையும் மாதம் ஒருமுறை குறித்துவையுங்கள்.

இருமல் மருந்து ஆம்ப்ராக்சால் பார்க்கின்சன் டிமென்ஷியாவைத் தடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. வாங்கிக் குடிக்கலாமா?
– வாசகர், சென்னை

செய்தியில் உண்மை உண்டு. அதைக் குடிப்பதில் ஆபத்தும் உண்டு. நரம்பணுவின் கழிவை அரைக்கும் ஒரு நொதியை உருவாக்கும் மரபணுதான் முன்னே சொன்ன ஜி.பி.ஏ. நொதி குறைந்தால் சைனூக்ளின் தேங்குகிறது. ஆம்ப்ராக்சால் அந்த நொதியைத் தூக்கிவிடுகிறது. லண்டனில் நடந்த சிறு ஆய்வில் நாளுக்கு 1,260 மி.கி. கொடுத்தார்கள். இருமலுக்குக் கொடுப்பது 90 மி.கி. அதாவது பதினான்கு மடங்கு, 30 மி.கி. மாத்திரையில் 42. நம் கடைகளில் கிடைக்கும் ஆம்ப்ராக்சால் சிரப்புகள் பலவற்றில் சால்பியூட்டமால் அல்லது டெர்பியூட்டலின் சேர்ந்திருக்கும். அதை இந்த அளவுக்குக் குடித்தால் படபடப்பும் நடுக்கமும் ஆபத்தான அளவுக்குப் போகும்.

பலன்? கனடாவின் ஒண்டாரியோ லண்டனில் பார்க்கின்சன் டிமென்ஷியா உள்ள 55 பேரிடம் ஓராண்டு சோதித்து 2025இல் வெளியிட்டார்கள். மருந்து பாதுகாப்பாக இருந்தது. அறிவுத்திறன் சோதனையில் வெற்று மருந்தைவிடத் தெளிவான நன்மை இல்லை. ஜி.பி.ஏ. மாற்றம் உள்ள சிலரிடம் மட்டும் நம்பிக்கையூட்டும் குறிகள் தெரிந்தன. பெரிய அளவிலான மூன்றாம் கட்ட ஆய்வு பிரிட்டனில் தொடங்கியிருக்கிறது. அதன் முடிவு வரும்வரை இது இருமல் மருந்துதான்.

பூனைக்காலி விதைப் பொடியை மாத்திரையுடன் சேர்த்து எடுக்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பூனைக்காலியில் இருப்பது வேறெதுவும் இல்லை, அதே லெவோடோபா. விதையில் ஏறக்குறைய 4 முதல் 6 சதவீதம். 4 என்றே வைத்தாலும் 5 கிராம் பொடியில் 200 மி.கி.; சிண்டோபா 110 மாத்திரை ஒன்றில் இருப்பது 100 மி.கி. மாத்திரையிலுள்ள கார்பிடோபா, பொடியின் லெவோடோபாவையும் வழியில் வீணாகாமல் மூளைக்குக் கொண்டுசேர்க்கும். இரண்டையும் சேர்த்தால் அளவு எகிறி வாந்தி, இரத்த அழுத்த வீழ்ச்சி, உருவங்கள் தெரிவது எல்லாம் வரும். பொடிக்குப் பொடி அளவு மாறுவதால் மருத்துவரால் கணக்கிடவும் முடியாது. டிமென்ஷியாவின் சாயல் தெரிந்தவருக்கு வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே எடுப்பவர்கள் சீட்டெழுதும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கணவருக்கு 62 வயது, நடுக்கம் எதுவும் இல்லை. தூக்கத்தில் கத்துகிறார், உதைக்கிறார்; ஒருமுறை என் பல் உடைந்தது. இது பார்க்கின்சனின் முன்னறிகுறி என்று படித்தேன். இப்போதே பரிசோதித்துவிடலாமா?
– வாசகி, சேலம்

கனவு காணும் உறக்கத்தில் நம் தசைகள் செயலிழந்து கிடக்க வேண்டும். அந்தப் பூட்டு கழன்றால் கனவில் செய்வதை உடலும் செய்யும். உறக்க ஆய்வில் இது உறுதியான 1,280 பேரை 24 மையங்களில் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியிட்டார்கள்: ஆண்டுக்கு ஏறக்குறைய 6 சதவீதம் பேர் பார்க்கின்சன், லூயி பாடி டிமென்ஷியா போன்றவற்றுக்கு மாறினார்கள். 12 ஆண்டில் 73.5 சதவீதம். ஆனால் மனச்சோர்வு மாத்திரைகள் சிலவும் இப்படி உதைக்க வைக்கும். உறக்க மூச்சுத்தடையும் இதே வேடம் போடும். உறக்க ஆய்வு செய்யாமல் முடிவுக்கு வராதீர்கள்.

சைனூக்ளினைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைகள் வந்துவிட்டன. தண்டுவட நீரில் பார்ப்பது ஒன்று. 2023இல் 1,123 பேரிடம் நடந்த ஆய்வில் பார்க்கின்சன் உள்ளவர்களில் 88 சதவீதத்தினரிடம் அது காட்டியது. கழுத்தின் பின்புறம், தொடை, கணுக்கால் அருகே தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது இன்னொன்று. 2024இல் 428 பேரிடம் வெளியான முடிவில் பார்க்கின்சன் உள்ளவர்களில் 93, லூயி பாடி டிமென்ஷியாவில் 96 சதவீதத்தினரிடம் புரதம் தெரிந்தது. நோயில்லாதவர்களிலும் 3 சதவீதத்தினருக்குத் தெரிந்தது. புரதம் இருக்கிறது என்று சொல்லும் இந்தச் சோதனை, நோய் எப்போது வரும், அறிவு எப்போது தடுமாறும் என்று சொல்லாது. தடுத்து நிறுத்தும் மருந்தும் கையில் இல்லை. இப்போது அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. ஆண்டுக்கொருமுறை நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மோப்பம் குறைவது, மலச்சிக்கல், எழுத்து சிறுப்பது ஆகியவற்றைச் சொல்லுங்கள். வேகமான நடையை வாரத்தில் நான்கு நாளாவது வழக்கமாக்குங்கள்.

இன்றிரவே செய்ய வேண்டியது: தனித்தனிப் படுக்கை. அவருடைய மெத்தை தரையில். தலைமாட்டில் கண்ணாடித் தம்ளர், டார்ச், கூர்முனை மேஜை எதுவும் வேண்டாம். மெலடோனின் 3 மி.கி. இரவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவது வழக்கம். குளோனசெபம் நன்றாகக் கேட்கும், ஆனால் மூச்சுத்தடை உள்ளவருக்கும் நடை தள்ளாடுபவருக்கும் ஆகாது.

பார்க்கின்சனுக்கு மாற்றுத்திறனாளி சான்றிதழ் உண்டா?
– வாசகர், விழுப்புரம்

உண்டு. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சன் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கிறது. டிமென்ஷியா தனி வகையாக இல்லை. அதனால் விண்ணப்பத்தில் பார்க்கின்சனை முன்வைத்து எழுதுங்கள். நரம்பியல் மருத்துவரின் அறிக்கை, ஸ்கேன், மோகா மதிப்பெண், மாத்திரைச் சீட்டு ஆகியவற்றுடன் அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு முன் போக வேண்டும். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் தேவை. மாத்திரையின் பலன் ஏறி இறங்கும் நோய் என்பதால், நகர முடியாமல் உறைந்து நிற்கும் நேரத்தைக் கைப்பேசியில் படமெடுத்து எடுத்துச் செல்லுங்கள். முதியோருக்கான மத்திய அரசின் உதவி எண் 14567. அழைத்தால் தமிழில் பேசுவார்கள்.